பாலை நிலத்துக் காதலும் அரண்மனைச் சித்திரமும்

காவியத்தைச் செவியால் நுகர்கின்றோம். சித்திரத்தைக் கண்ணால் நுகர்கின்றோம். வாயில்கள் இரண்டாயினும் அவை சென்று சேரும் உள்ளம் ஒன்றே. ஆதலின் புலவன் சொல்லிய கதையை ஓவியன் தீட்டப் புகுங்கால், முன்னையோன் சொல்லை அவ்வாறே வண்ணமாக்கி வைத்தல் அவனுக்கு இயல்வதன்று. சொல்லிற் சொல்லாது விடப்பட்டவற்றையும் அவன் கண்ணுக்குக் காட்டியே தீரவேண்டும். தலைவி நின்றாள் என்று புலவன் ஒரு சொல்லிற் கூறி அப்பாற் செல்லலாம். எங்கு நின்றாள், யாது உடுத்தாள், அருகில் நின்றார் யாவர், அவள் முகம் எத்திசை நோக்கிற்று என்னும் வினாக்களுக்கெல்லாம் ஓவியன் விடையிறுத்தல் வேண்டும். அவ்விடைகளிலேதான் கதை புதுப்பிறப்பு எய்துகின்றது.

இவ்வுண்மையை விளக்குதற்கு லைலா மஜ்னூன் கதையைப் பற்றிய சித்திரங்களினும் சிறந்த சான்று காண்டல் அரிது. அக்கதையின் பெயர் நம்மவர் செவிக்குப் புதியதன்று. நாடக மேடையும் திரைப்படமும் அதனை நம் நாட்டிலும் பரப்பியுள்ளன. ஆயினும் பாரசீகத்திலும் வட இந்தியாவிலும் ஏட்டுச் சித்திரக்காரர்கள் நெடுங்காலம் அக்கதையை மீண்டும் மீண்டும் எடுத்துத் தீட்டி, அதனைத் தமதாக்கிக் கொண்ட வரலாறு நம்மிற் பலர் அறியாதது. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

கதை

அரேபியப் பாலைநிலத்தில் ஆமிர் குலத் தலைவன் ஒருவனுக்கு, மகப்பேறின்றி நெடுநாள் வருந்தியபின் பிறந்த மைந்தன் கைஸ் என்பான். அவன் பள்ளியிற் பயிலுங்கால் உடன் பயின்ற லைலா என்னும் பெண்ணிடத்து நெஞ்சைப் பறிகொடுத்தான். அவள் நெஞ்சும் அவன்பாற் சென்றது. ஊரார் அலர் தூற்றினர். பெற்றோர் லைலாவைப் பள்ளியினின்றும் நிறுத்தி வீட்டிற் செறித்தனர். பிரிவாற்றாத கைஸ் தெருவிலும் வெளியிலும் அவள் பெயரைப் பாடித் திரிந்தான். அதனால் மக்கள் அவனை மஜ்னூன் என்றனர். ஜின் என்னும் ஆவியாற் பற்றப்பட்டவன், பித்தன் என்பது அதன் பொருள். தந்தை சென்று பெண் கேட்டார். பித்தனுக்கு மகளைக் கொடேன் என்று லைலாவின் தந்தை மறுத்துவிட்டார்.

பின்னர்த் தந்தை மகனை மக்காவிற்கு அழைத்துச் சென்று, இக்காதல் நோய் தீரும்படி இறைவனை வேண்டுக என்றார். மகனோ கஃபாவின் வளையத்தைப் பற்றிக்கொண்டு, இந்நோய் இன்னும் வளர்க என்று வேண்டினான். நவ்பல் என்னும் வீரன் அவன்பால் இரங்கி லைலாவின் குலத்தார்மேற் போர் தொடுத்து வென்றான். வென்றும் பெண் கிடைத்திலள். அப்போரில் மஜ்னூனின் உள்ளம் தனக்காகப் போரிட்டவரை விட்டு லைலாவின் குலத்தார் பக்கமே நின்றது என்பது கதையின் நுட்பங்களுள் ஒன்று. லைலாவை இப்னு ஸலாம் என்பானுக்கு மணஞ்செய்து கொடுத்தனர். அவளோ அவனைத் தன்னருகில் வரவிடாது நிறையோடு வாழ்ந்தாள். மஜ்னூன் காட்டை அடைந்து விலங்குகளோடு வாழ்ந்தான். கணவன் இறந்தான். சின்னாளில் இலையுதிர் காலத்தில் லைலாவும் இறந்தாள். செய்தி கேட்ட மஜ்னூன் ஓடிவந்து அவள் கல்லறையைத் தழுவி அங்கேயே உயிர் நீத்தான். அவனைச் சூழ்ந்த விலங்குகள் அவ்விடம் விட்டு அகலாமையால் ஓராண்டு வரை மக்கள் அணுகவும் அஞ்சினர். அதன்பின்னரே அவன் எலும்புகள் அவள் பக்கத்தில் அடக்கம் பெற்றன.

புலவனின் மனக்குறை

இக்கதையின் மூலம் அரபு நாட்டது. கைஸ் கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞன் என்பது அரபு மரபு. அவனைப் பற்றிய செய்திகளும் அவன் பாடியனவாகச் சொல்லப்படும் பாட்டுக்களும் பத்தாம் நூற்றாண்டில் அபுல் பரஜ் அல் இஸ்பஹானி தொகுத்த பாடல் நூலில் இடம்பெற்றன. அவ்வுதிரிச் செய்திகளைத் தொடுத்து முழுக் காவியமாக்கியவர் கஞ்சா நகரத்து நிஜாமி என்னும் பாரசீகப் புலவர். ஷிர்வான் நாட்டு மன்னர் விரும்பிக் கேட்க, 1188-ஆம் ஆண்டில் அவர் இதனைப் பாடினார். அவருடைய ஐம்பெருங் காவியத் தொகுதியாகிய 'கம்ஸா'வில் இது மூன்றாவதாகும்.

இக்காவியத்தின் முகப்பில் நிஜாமி ஒரு மனக்குறையை வெளியிடுகின்றார். இக்கதையில் பூங்காவில்லை, அரசர் விருந்தில்லை, பாட்டும் மதுவும் இல்லை, எங்கு நோக்கினும் வறண்ட மணலும் கடும்பாறையுமே உள்ளன, இத்தகைய இடத்தில் சொல் எவ்வாறு களித்து ஓடும் என்பது அவர் கூற்றின் கருத்து. மகன் வற்புறுத்தியதனாலேயே அவர் பாடத் துணிந்தார். துணிந்தபின் நான்கு திங்களுக்குள் நூலை முடித்துவிட்டார்.

நிஜாமியும் பழங்கதையை உள்ளவாறே வைத்தாரல்லர். அரபு மரபொன்றின்படி கைஸும் லைலாவும் இளமையில் ஆட்டு மந்தை மேய்க்குங்காற் சந்தித்தனர். நிஜாமி அவர்களைப் பள்ளியிற் கொண்டுவந்து இருத்தினார். இடையச் சிறார் இருவர் ஏடு பயிலும் மாணாக்கராயினர். ஒரு கதையைப் பெற்றுக்கொள்ளும் ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தான் வாழும் வீட்டிற்கு அழைத்து வருகின்றது. புலவர் செய்த இதனையே பின்னர் ஓவியரும் செய்தனர். வேற்றுமை யாதெனின், ஓவியர் வாழ்ந்த வீடு அரண்மனையாக இருந்ததேயாகும்.

ஏடும் ஓவியரும்

அக்காலத்து ஏட்டுச் சித்திரம் எவ்வாறு தோன்றிற்று என்பதை அறிந்தாலன்றி அதன் போக்கு விளங்காது. சுவரில் மாட்டி வைத்துப் பலரும் காணத் தீட்டிய படமன்று அது. மன்னரது நூற்சாலையில் காகிதம் செய்வோர், எழுத்தர், பொன்பூச்சுச் செய்வோர், ஓவியர், கட்டமைப்போர் ஆகியோர் கூடியிருந்து பல ஆண்டுகள் உழைத்து ஒரு நூலைச் செய்தனர். காகிதத்திற்குப் பசையூட்டி வழுவழுப்பான கல்லினால் மெருகேற்றினர். எழுத்தர் முதலிற் செய்யுளை எழுதிக்கொண்டு சென்று, சித்திரம் வேண்டுமிடத்தில் வெற்றிடம் விட்டார். அவ்விடத்தை ஓவியர் நிரப்பினார். ஆகவே சித்திரத்தின் மேலும் கீழும் செய்யுள் அடிகள் நிற்றலைக் காண்கின்றோம்.

நீலக்கல்லைப் பொடித்து நீலமும், சாதிலிங்கத்தினின்றும் சிவப்பும் பெற்றனர். பொன்னையும் வெள்ளியையும் தூளாக்கிப் பிசினிற் குழைத்தனர். பூனை முதலியவற்றின் மென்மயிரால் ஆகிய தூரிகை கொண்டு, ஒரு தலைமயிரினும் நுண்ணிய கோடுகளை இழுத்தனர். வானத்திற்குப் பொன்னும் நீரோடைக்கு வெள்ளியும் இடுதல் வழக்கு. பொன் மாறாது. வெள்ளியோ காலப்போக்கிற் கருத்துவிடும். ஆதலின் இன்று நாம் காணும் பல ஏடுகளில் மஜ்னூன் அமர்ந்துள்ள பாறைக்கு அருகில் கருநிறமாக ஓடும் சிற்றாறு, தீட்டிய நாளில் ஒளி வீசிய வெள்ளியாறு என்று நாம் உணர்தல் வேண்டும்.

இச்சித்திரங்களில் நிழல் இல்லை. தொலைவிலுள்ளது சிறுத்தும் மங்கியும் தோன்றுவதில்லை. அடிவானம் ஏட்டின் மேற்பகுதியில் உயர்ந்து நிற்கும். அண்மையிலுள்ளது கீழேயும் சேய்மையிலுள்ளது மேலேயும் அடுக்கப்பட்டிருக்கும். இரவுக் காட்சியாயினும் இருள் பூசுவதில்லை. விண்மீனும் விளக்கும் காட்டினால் இரவென்று கொள்ளல் வேண்டும். முகங்களிலும் அழுகை, சினம் முதலிய மெய்ப்பாடுகள் பெரிதாகத் தோன்றா. நம்மவர் வியப்புற்றால் மூக்கின்மேல் விரல் வைப்பதுபோல், அச்சித்திரங்களில் வியப்புற்றோர் இதழின்மேல் விரல் வைத்து நிற்பர். மேலைநாட்டுப் படங்களிற் பழகிய கண்ணுக்கு இவை முதலிற் குறையாகத் தோன்றும். ஆயினும் ஓவியர் எல்லாவற்றையும் இறைவன் காண்பதுபோல் ஒரே ஒளியிற் காண முயன்றனர் என்று கொண்டு நோக்கின், குறையென்று கருதியதே முறையெனத் தெளிவாகும்.

பள்ளியும் கல்லடியும்

ஓவியர் அனைவரும் கதை முழுவதையும் தீட்டினாரல்லர். வழிவழியாகச் சில காட்சிகளே தெரிந்தெடுக்கப்பட்டன. பள்ளியிற் காதலர், கஃபாவின் முன் மஜ்னூன், குலத்தாரின் போர், சங்கிலியிற் கட்டுண்ட மஜ்னூன், காட்டில் விலங்குகளோடு அவன், காதலர் சந்தித்து மூர்ச்சித்தல், லைலாவின் கல்லறை ஆகியவை அவற்றுட் சிறந்தவை. ஒருவர் தீட்டியதை மற்றவர் கண்டு, இருந்த அமைப்பை வைத்துக்கொண்டே புதியது ஒன்றைச் சேர்த்தார். எனவே வெவ்வேறு நகரங்களிலும் காலங்களிலும் தோன்றியவையாயினும் இவையனைத்தும் ஒரு தொடராகவே நம் முன் நிற்கின்றன.

பள்ளிக் காட்சியை முதலிற் காண்போம். ஹெராத் நகரத்தில் இளவரசர் பைஸுங்குருக்காக 1431-32-இல் செய்த ஏட்டிலும், அதே நகரத்தில் 1494-95-இல் முற்றுப்பெற்ற புகழ்வாய்ந்த கம்ஸாவிலும் இது உள்ளது. பாலைநிலத்துச் சிற்றூர்ப் பள்ளி இங்கே பாரசீகக் கல்விக்கூடமாகிவிட்டது. ஆசிரியர் வீற்றிருக்கின்றார், பிள்ளைகள் ஓதுகின்றனர், எழுதுகின்றனர். இவ்வளவு ஆரவாரத்தினிடையே இருவர் மட்டும் பாடத்தில் நாட்டமின்றி இருக்கின்றனர். அவ்விருவரையும் நாம் தேடித்தான் காணவேண்டும். ஓவியர் அவர்களைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெருந்துன்பம் தொடங்குங்கால் அருகிலிருப்பவர் அதனை அறிவதில்லை என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் எவ்வாறு?

அடுத்தது சங்கிலிக் காட்சி. மஜ்னூன் ஒருநாள் ஒரு கிழவியைக் காண்கின்றான். அவள் ஒருவனைச் சங்கிலியாற் பிணித்துப் பித்தன் எனக் காட்டிக் கூடாரந்தோறும் இரந்து, பெற்றதை அவனோடு பகிர்ந்துகொள்பவள். அவனை விடுத்து என்னைக் கட்டுக, கிடைப்பதெல்லாம் நீயே கொள்க என்று மஜ்னூன் தன் கழுத்தை நீட்டுகின்றான். அவ்வாறாயினும் லைலாவின் கூடாரத்து வாயிலை அடையலாமன்றோ?

இதனை மீர் ஸையித் அலி தீட்டிய சித்திரம், ஷா தஹ்மாஸ்ப் மன்னருக்காகத் தப்ரீஸ் நகரத்தில் 1539 முதல் 1543 வரை எழுதப்பெற்ற கம்ஸாவில் உள்ளது. இன்று அவ்வேடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. ஏடு முழுவதும் கூடாரங்கள். அவற்றின் துணிகளில் இழையிழையாகப் பூவேலை. ஒருபுறம் அடுப்பும் சமையலும். ஒருபுறம் ஆடுகளும் அவற்றை மேய்ப்போரும். குடியிருப்பின் அன்றாட வாழ்க்கை அனைத்தும் அங்கே நடைபெறுகின்றது. அதனிடையே மெலிந்த உடம்பினனாய் மஜ்னூன் சங்கிலியில் இழுபட்டு வருகின்றான். சிறுவர்கள் அவன்மேற் கல்லெறிகின்றனர். லைலா கூடாரத்தினுள் அமர்ந்திருக்கின்றாள்.

இச்சித்திரத்தை முதன்முதற் காண்பவர், நிஜாமி குறைப்பட்டுக்கொண்ட வறண்ட பாலை எங்கே என்று கேட்பர். அது மறைந்துவிட்டது. பூவும் பொன்னும் பட்டும் அவ்விடத்தை நிறைத்துவிட்டன. புலவர் இல்லையென்று வருந்திய பூங்காவையும் விருந்தையும் ஓவியர் கொண்டுவந்து சேர்த்துவிட்டனர்.

அழகு பொய்யாகுமோ?

இங்கே ஒரு தடை எழுகின்றது. துன்பக் கதையை இவ்வளவு அழகாகத் தீட்டுதல் பொய்யன்றோ? கல்லடிபடுபவனைச் சுற்றிப் பூவேலை எதற்கு? அப்பொன் மஜ்னூனுக்காக இடப்பட்டதன்று; பொருள் கொடுத்த மன்னருக்காக இடப்பட்டது. தம் செல்வம் ஏட்டில் விளங்கவேண்டும் என்று மன்னர் விரும்பினார், ஓவியர் இணங்கினர். பித்தனின் துயரம் அரசர் மடிமீது விரிக்கப்படும் விளையாட்டுப் பொருளாகிவிட்டதன்றோ? இத்தடையை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையன்று. பொன் மன்னருக்காக இடப்பட்டதென்பது உண்மையே.

ஆயினும் சித்திரத்தை மீண்டும் நோக்குவோம். எல்லாவற்றிற்கும் பட்டும் பொன்னும் அணிவித்த ஓவியர், மஜ்னூனுக்கு மட்டும் ஒன்றும் அணிவிக்கவில்லை. நூற்றாண்டு தோறும், நகரந்தோறும், ஓவியர் எவராயினும் மஜ்னூன் எலும்பெண்ணத்தக்க உடம்போடும், இடையில் ஒரு துணியோடுமே நிற்கின்றான். சூழ்ந்துள்ளவை எவ்வளவுக்கு எவ்வளவு செழிக்கின்றனவோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவன் வறுமை மிகுந்து தோன்றுகின்றது. அரண்மனையிற் சோறுண்ட ஓவியர், அரண்மனைப் பொருள்களில் ஒன்றுகூட வேண்டாதான் ஒருவனை ஏட்டின் நடுவே நிறுத்தினர். மன்னர் அதனைக் கண்டு என்ன எண்ணினார் என்பது வேறு. ஓவியர் அவனை உடுத்துவிக்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

அன்றியும், அக்குடியிருப்பில் அடுப்பெரிப்போரும் ஆடு மேய்ப்போரும் தத்தம் தொழிலை விடவில்லை. ஒருவன் நெஞ்சு உடைந்து வீழ்தலால் அடுப்பு அணைவதில்லை. மந்தை பட்டினி கிடப்பதில்லை. உலகம் தன்போக்கில் நடக்கும். பாலை நிலத்தின் வெறுமையாற் புலவர் காட்டிய தனிமையை, ஓவியர் கூட்டத்தின் நெருக்கத்தாற் காட்டினர். வழி வேறு, சென்றடைந்த இடம் ஒன்றே.

காட்டு வாழ்க்கை

விலங்குகளோடு மஜ்னூன் அமர்ந்திருக்கும் காட்சி ஓவியர் பெரிதும் விரும்பியது. தஹ்மாஸ்ப் ஏட்டில் இதனைத் தீட்டியவர் ஆகா மீரக் என்பார். பாறைகளின் நடுவே மஜ்னூன் இருக்கின்றான். சிங்கமும் மானும் ஒன்றையொன்று பகைக்காமல் அவனைச் சூழ்ந்துள்ளன. முன்னர் வேடன் வலையிற்பட்ட மான்களை மஜ்னூன் தன் உடைமை கொடுத்து மீட்டவன். அவற்றின் கண்கள் லைலாவின் கண்களை அவனுக்கு நினைவூட்டின. ஆகவே மான் ஒன்று அவன் மடியருகே இருத்தல் வெறும் அணியன்று. அது கதையின் நினைவு.

மக்கட் கூட்டத்தில் அவனுக்குக் கல்லடி. விலங்குக் கூட்டத்தில் அமைதி. இவ்விரு சித்திரங்களும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து வருதலால், எது நாடு, எது காடு என்னும் ஐயம் காண்பவர்க்கு எழுதல் இயல்பே. அருளாளரை விலங்குகளும் அஞ்சா என்பது பல சமயத்தாரும் கொண்ட நம்பிக்கை. ஸூபி நெறியினர் மஜ்னூனை இறைவன்பாற் காதல் கொண்டு தன்னை இழந்த அடியவனுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டனர். மனிதக் காதல் இறைக் காதலாகும் எல்லையை ஓவியர் சொல்லாலன்றி மானும் சிங்கமும் கொண்டு வரைந்தனர்.

லைலாவின் நிலை

இதுகாறும் மஜ்னூனையே பேசினோம். லைலாவைப் பற்றிச் சித்திரங்கள் கூறுவது யாது? தொடரை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். மஜ்னூன் பெரும்பாலும் வெளியில் இருக்கின்றான். லைலா பெரும்பாலும் உள்ளே இருக்கின்றாள். கூடாரத்தின் வாயிலோ, வளைவோ, சுவரோ அவளைச் சுற்றி ஒரு சட்டம்போல் நிற்கும். ஏட்டின் எல்லைக்கோடு ஒரு சிறை. அதனுள் கூடாரம் மற்றொரு சிறை.

இது ஓவியர் கற்பனை மாத்திரமன்று. நிஜாமியின் லைலாவே தன் நிலையைத் தெளிவாக உணர்ந்தவள். மஜ்னூன் ஆடவன், அவன் விரும்பிய இடம் செல்லலாம், தன் துயரை மலைக்கும் காற்றுக்கும் உரத்துக் கூறலாம், தனக்கோ அழுவதற்கும் உரிமையில்லை என்று அவள் வருந்துகின்றாள். பித்தன் என்னும் பழி அவனுக்கு ஒரு விடுதலையாயிற்று. அவளுக்கு அவ்விடுதலையும் இல்லை. ஒருகால் பேரீச்சந் தோப்பில் அவனைக் காணச் சென்றவள், பத்தடி தொலைவில் நின்றுவிடுகின்றாள். அதற்குமேல் ஓரடியும் வைக்கவில்லை.

அவள் வாய்விட்டு அழுதது ஒரே முறை. கணவன் இப்னு ஸலாம் இறந்தபோது, கைம்பெண் அழுதல் கடமை என்று உலகம் இசைந்த அந்நாளில், பிறர் கணவனுக்கு அழுகின்றாள் என்று எண்ண, அவள் தன் காதலனை எண்ணி அழுதாள். 1494-95-ஆம் ஆண்டு ஹெராத் ஏட்டில் இவ்விரங்கற் காட்சி தீட்டப்பெற்றுள்ளது. பெரும்புகழ் பெற்ற ஓவியர் பிஹ்ஸாதின் கைவண்ணம் என்று அறிஞர் இதனைக் கருதுவர். புலம்புவோர் பலர் சூழ்ந்துள்ளனர். அவர்கள் அழுகைக்கும் அவள் அழுகைக்கும் தோற்றத்தில் வேற்றுமையில்லை. கதையறிந்தவர்க்கு மட்டுமே அவ்வேற்றுமை புலப்படும். முகத்தில் மெய்ப்பாடு காட்டாத அச்சித்திர மரபு இங்கே எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது பாருங்கள்! லைலாவின் முகமும் வாழ்நாள் முழுவதும் தன் உள்ளத்தைக் காட்டாது நின்ற முகமன்றோ?

இன்றும் பெண்மக்கள் பலர் நெஞ்சில் ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக வாழ நேர்கின்றது. ஆதலின் இது பழைய அரேபியக் கதை என்று நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை.

இந்தியாவிற்கு வந்த வழி

இக்கதை நம் நாட்டிற்குப் புதிதாக வந்ததன்று. டெல்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரு 1299-ஆம் ஆண்டிலேயே நிஜாமியைப் பின்பற்றி இதனைப் பாரசீகத்திற் பாடினார். அவரும் கதையை மாற்றினார். அவருடைய காவியத்தில் மஜ்னூன் நவ்பலின் மகளை மணக்கின்றான். லைலாவே ஒட்டகத்தின்மீது ஏறிக் காட்டிற்குச் சென்று அவனைக் காண்கின்றாள். கூடாரத்தினுள் அடைபட்டவள் ஒருமுறையாவது வெளியே புறப்பட்டது இந்நாட்டுப் புலவர் கையில் என்பது நினைக்கத்தக்கது.

சித்திரக் கலை வந்த வழி வேறு. அரசிழந்த ஹுமாயூன் 1544-இல் தஹ்மாஸ்ப் மன்னரிடம் அடைக்கலம் புகுந்தார். அங்கே ஓவியர் பலரையும் அவர்தம் தொழிலையும் கண்டார். பின்னாளில் தஹ்மாஸ்ப் மன்னருக்கு ஓவியத்திற் பற்றுக் குறைந்தது. ஓவியர் வேறிடம் நாடினர். சங்கிலிக் காட்சியைத் தீட்டிய அதே மீர் ஸையித் அலி, அப்துஸ் ஸமத் என்னும் மற்றோர் ஓவியருடன், 1549-இல் காபூலில் ஹுமாயூனை அடைந்தார். ஹுமாயூன் டெல்லி மீண்டபோது அவர்களும் உடன் வந்தனர். அக்பர் காலத்தில், துணியில் தீட்டிய ஏறக்குறைய 1,400 பெரிய சித்திரங்கள் கொண்ட ஹம்ஸா நாமா என்னும் மாபெரும் பணிக்கு முதலில் மீர் ஸையித் அலியும், பின்னர் அப்துஸ் ஸமதும் தலைமை தாங்கினர். அவர்களிடத்து இந்நாட்டு ஓவியர் பலர் பயின்றனர். மொகலாய ஓவியம் தோன்றியது இவ்வாறே.

1595-இல் அக்பருக்காக லாஹூரில் நிஜாமியின் கம்ஸா ஒன்று எழுதப்பட்டது. பாரசீக எழுத்தும் பாரசீகக் கதையும் கொண்ட அவ்வேட்டின் சித்திரங்களைத் தீட்டியோருள் இந்து ஓவியரும் பலர். இங்கு வந்தபின் மஜ்னூன் தோற்றத்தில் ஒரு மாறுதல் நேர்ந்தது. மொகலாய ஓவியர் மெலிந்த உடம்பும் சடைத்த முடியும் உடையவனாய் அவனை மரத்தடியில் இருத்தும்போது, காண்பவர்க்கு அவன் நம் நாட்டுத் துறவியாகவே தோன்றுகின்றான். விலங்குகளும் இந்நாட்டுக் கண்கொண்டு உயிருள்ளனவாய்த் தீட்டப்பட்டன. அரேபியாவிற் பித்தன்; பாரசீகத்தில் ஸூபி அடியவன்; இந்தியாவில் மரத்தடி முனிவன். ஒரே மெலிந்த உடம்பு மூன்று நாட்டிலும் மூன்று பொருள் தந்தது. ஒவ்வொரு நாட்டாரும் தாம் யாரைக் கண்டால் வணங்குவரோ அவர் வடிவையே அவனுக்கு அளித்தனர் என்க.

முடிவுரை

இவ்வேடுகள் பிற்காலத்தில் அடைந்த நிலையும் கதையைப் போன்றதே. அரசுகள் மாறின, நூற்சாலைகள் கலைந்தன, ஏடுகள் கைம்மாறின, சில பிரிக்கப்பட்டன. அக்பரது கம்ஸாவின் பெரும்பகுதி லண்டனிலும், ஒரு பகுதி அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்துக் காட்சிச்சாலையிலும் உள்ளன. ஒரு நூலின் ஏடுகள் கடலுக்கு இருமருங்கும் பிரிந்து கிடக்கின்றன.

இத்தகைய சித்திரங்களின் படிகளை இன்று நூல்களிலும் பிறவாற்றானும் எளிதிற் காணலாம். அவ்வாறு காணும் மாணாக்கர் சிலவற்றை மனத்திற் கொள்வாராக. முதலிற் கதையை அறிந்து கொள்ளுதல் வேண்டும். கதை அறியாதார்க்கு இவை வெறும் வண்ணக்கோலமேயாம். அடுத்து, பொன்னிலும் பூவிலும் கண் மயங்காமல், ஏட்டில் உடையற்றவன் யாவன், உள்ளே இருப்பவள் யாவள் என்று தேடுதல் வேண்டும். அதன்பின், தம் வேலையில் ஈடுபட்டு அவ்விருவரையும் காணாது இருப்போர் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணியபின், நம் வகுப்பிலும் தெருவிலும் வீட்டிலும் நாம் எவ்வரிசையில் நிற்கின்றோம் என்னும் வினா தானே எழும். கல்லெறியும் சிறுவரோடு நிற்கின்றோமா, அடுப்பை மட்டும் நோக்குவாரோடு நிற்கின்றோமா, சங்கிலியைக் கண்டு இதழின்மேல் விரல் வைத்தாரோடு நிற்கின்றோமா என்பதற்கு விடை காணல் அவரவர் கடமையாகும்.